விலக்கில் நடந்த சைக்கிள் விபத்து: தவறு யாருடையது என்பது எங்கே முடிவாகிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வரை ஒருமுறை பயணம் செய்தவர்களுக்கு எங்கள் பக்கத்து விலக்குகள் எப்படியிருக்கும் என்று தெரியும். கடலோர ஊரிலிருந்து வரும் ஒரு சிறிய தார்ச்சாலை பெரிய சாலையில் வந்து சேரும். சேருமிடத்தில் ஒரு நிழற்குடை, ஒரு டீக்கடை, ஊர்ப்பெயர் எழுதிய பலகை, அந்தப் பலகையையே மறைக்கும் அளவுக்கு இருபுறமும் வளர்ந்த சீமைக்கருவேலம். சிக்னலும் இல்லை, போக்குவரத்துக் காவலரும் இல்லை. விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களும், உப்பள வேலைக்குப் போகிறவர்களும், அரசு தந்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் இந்த விலக்குகளைக் கடக்கிறார்கள். திருச்செந்தூரிலிருந்து இராமேசுவரம் நோக்கி இரவெல்லாம் ஓட்டி வந்த சுற்றுலா வேன்களும், ஐஸ் உருகுமுன் போய்ச் சேர வேண்டிய மீன் வண்டிகளும் அதே இடத்தைத்தான் அதே நேரத்தில் கடக்கின்றன.

இராமநாதபுரத்தில் மோட்டார் வாகன விபத்து வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில், என்னிடம் வரும் சைக்கிள் விபத்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் இரண்டில் ஒரு நம்பிக்கையோடு வருவதைக் காண்கிறேன். ‘பெரிய வண்டிக்காரன்மேல்தான் தப்பு வரும்’ என்பது ஒன்று. ‘நாம்தானே சின்ன ரோட்டிலிருந்து ஏறினோம், நமக்கு ஒன்றும் கிடைக்காது’ என்பது மற்றொன்று. இரண்டுமே சட்டம் அல்ல. தவறு யாருடையது என்பதை வாகனத்தின் அளவு தீர்மானிப்பதில்லை. விபத்து நடந்த முதல் இரண்டு நாள்களில் எழுதப்படும், சில சமயம் எழுதப்படாமல் போகும், சில வரிகளே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பத்தாறு வயதான நாட்டுப்படகு மீனவர் ஒருவர் அதிகாலையில் சைக்கிளில் விலக்கைக் கடந்தபோது வேன் மோதி வலது காலின் முழங்கால் எலும்பு நொறுங்கியது. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கூடவே வந்தவர் விபத்தை நேரில் பார்க்காத பக்கத்து ஊர்க்காரர். அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் ‘எப்படி அடிபட்டது?’ என்று கேட்டதற்கு, போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்ற அச்சத்தில் அவர், ‘சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார்’ என்று சொல்லிவிட்டார். விபத்துப் பதிவேட்டில் அந்த வரி அப்படியே ஏறியது. குடும்பத்தார் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது நான்கு நாள் கழித்து. காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் பிற்பாடு நடத்திய வாதம் முழுவதும் அந்த ஒரு வரியின்மேல்தான் நின்றது: தானாக விழுந்தவரின் வழக்கில் ஒரு வேனைப் பொய்யாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று.

சட்டம் விலக்கைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். சாலைச் சந்திப்பை நெருங்கும் மோட்டார் வாகன ஓட்டுநர், தாம் பெரிய சாலையில் வந்தாலும் சிறிய சாலையில் வந்தாலும், வேகத்தைக் குறைத்து, அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து நேராது என்று தெரிந்த பிறகே சந்திப்புக்குள் நுழைய வேண்டும். கிளைச்சாலையிலிருந்து பிரதான சாலையில் ஏறுகிறவர், பிரதான சாலையில் செல்பவருக்கு வழிவிட வேண்டும். ஆக, கடமை இரு தரப்புக்கும் உண்டு. வழிவிடாமல் ஏறிய சைக்கிள்காரர்மீது தவறு இருக்கலாம்; ஆனால் அந்தத் தவறு, விலக்கில் வேகத்தைக் குறைக்காத வேன் ஓட்டுநரின் தவறைத் துடைத்துவிடாது. கருவேலம் மறைத்ததால் சைக்கிளைப் பார்க்க முடியவில்லை என்று ஓட்டுநர் கூண்டில் சொல்லும்போது, அது அவருக்குச் சாதகமான பதில் என்று அவரே நினைத்துக்கொள்கிறார். பார்வை மறையும் இடத்தில் வேகத்தைக் குறைக்காமல் வந்ததாக ஒப்புக்கொள்கிறார் என்பதே அதன் பொருள்.

இரு தரப்பிலும் தவறு இருந்தால், இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அதைச் சதவீதமாகப் பிரிக்கும். மொத்த இழப்பு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் 25 சதவீதத் தவறு சைக்கிள்காரருடையது என்று முடிவு செய்தால் 4.5 லட்சம் கிடைக்கும். ‘கேஸ் தோற்றுவிடும்’ என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைக்க வேண்டும். சைக்கிளில் விளக்கு இல்லை, எதிரொளிப்பான் இல்லை, பின்னால் மீன் கூடை இருந்தது என்றெல்லாம் எதிர்த்தரப்பு கேட்கும். விளக்கு இல்லாததற்கும் மோதலுக்கும் தொடர்பு இருப்பதை அவர்கள் காட்ட வேண்டும். பட்டப்பகலில் நடந்த விபத்தில் விளக்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தலைக்கவசம் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளுக்கு உரியது, மிதிவண்டிக்கு அல்ல. பள்ளிப் பிள்ளைகளிடம் பெரியவர்களுக்கு உரிய எச்சரிக்கையை நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதும் இல்லை.

புகார் எழுதும் முறைக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலான சேதம் இங்கேதான் நடக்கிறது. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதிவிட்டார்’ என்ற வாசகம் ஏறக்குறைய எல்லா முதல் தகவல் அறிக்கைகளிலும் இருக்கும். அது எழுத்தரின் கைப்பழக்கம். அதனால் எதுவும் நிரூபணமாவதில்லை. எந்த ஊர்ச் சாலையிலிருந்து சைக்கிள் வந்தது, எந்தத் திசைக்குப் போக இருந்தது, ஏறுமுன் நின்றாரா, சாலையின் எவ்வளவு பகுதியைக் கடந்திருந்தார், வேன் கீழக்கரைப் பக்கமிருந்து வந்ததா ஏர்வாடிப் பக்கமிருந்து வந்ததா, வண்டியின் எந்தப் பகுதி சைக்கிளின் எந்தப் பகுதியில் மோதியது என்பவற்றை எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடலாம். ஊகித்து எழுதினால் குறுக்கு விசாரணையில் அதுவே கழுத்தைப் பிடிக்கும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தி அடைந்து வீட்டுக்குப் போய்விடாமல், முதல் தகவல் அறிக்கை பதிவானதா என்று தொடர்ந்து கேட்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால் பொறுப்பற்ற ஓட்டத்துக்கு 281, காயத்துக்கு 125, மரணத்துக்கு 106(1) என்ற பிரிவுகள் வரும். இதில் 281 மோட்டார் வாகனத்துக்கு மட்டுமானதல்ல. சைக்கிள்காரர்மீதே வழக்குப் பதிவான சம்பவங்களும் உண்டு. அப்படி நேர்ந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். காவல்துறையின் முடிவு தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது.

மருத்துவமனையில் சொல்லும் முதல் வாக்கியத்துக்கும் இதே அளவு எடை உண்டு. கூட வருகிறவருக்கு நடந்தது தெரியாவிட்டால், ‘சாலை விபத்து, நான் பார்க்கவில்லை’ என்று மட்டும் சொல்லட்டும். உதவி செய்தவரைக் காவல்துறை கட்டாயப்படுத்திச் சாட்சியாக்கவோ பெயர் கேட்டு நெருக்கவோ கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன்கீழ் 2020இல் வந்த விதிகளும் பாதுகாப்புத் தருகின்றன. அச்சத்தால் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மதுரைக்கு அனுப்பப்பட்டால் அங்கேயும் அதே விவரம் பதிவாகிறதா என்று உறவினர் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். செலவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையும், 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள்வரை 1.5 லட்சம் ரூபாய் அளவிலான சிகிச்சையும் பணம் கட்டாமல் பெறலாம். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று கேட்டுச் சேர்ப்பது நல்லது.

டீக்கடைப் பேச்சுவார்த்தை பற்றியும் சொல்லியாக வேண்டும். வேன் உரிமையாளர் அடுத்த நாள் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு வந்து, பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிச் செல்வார். கெட்ட எண்ணத்தில் என்று நான் சொல்லமாட்டேன். வழக்கு வேண்டாம் என்பது அவருடைய கவலை. ஆனால் இழப்பீட்டைக் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் அவருடைய காப்பீட்டு நிறுவனம், அவருடைய பை அல்ல என்பது இரு தரப்புக்குமே தெரிவதில்லை. முழங்காலுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்பது அந்த வாரத்தில் யாருக்கும் தெரியாது.

இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய ஆறு மாதம் என்ற வரம்பு 2022 ஏப்ரல் முதல் மீண்டும் வந்திருக்கிறது. அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்திருக்கின்றன என்றாலும், அதை நம்பி ஏழாவது மாதம் வருகிறவர்கள் தேவையில்லாத சிக்கலைத் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள். விபத்து நடந்த இடம் எதுவானாலும் மனுதாரர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். தவறை நிரூபித்து முழு இழப்பீடு கோருவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவு. தவறைப் பற்றிய பேச்சே இல்லாமல் மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கோருவது 164. மோதிய வண்டி நிற்காமல் போய்க் கடைசிவரை எண் தெரியாவிட்டால், வருவாய்த்துறை வழியாக மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கேட்கலாம். மோதியது இன்னொரு சைக்கிள் என்றால் இந்தத் தீர்ப்பாயத்துக்கு வேலையில்லை, உரிமையியல் நீதிமன்றம்தான்.

மீனவர்களின் வருமானத்தை நிரூபிப்பது தனிப்பாடு. சம்பளச் சீட்டு யாரிடமும் இருக்காது. மீனவர் நல வாரிய அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் புத்தகம், ஏலக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டு எதுவானாலும் எடுத்து வாருங்கள். நான் சொன்ன வழக்கில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது வருமானம் ஏது என்று எதிர்த்தரப்பு கேட்டது. தடை விசைப்படகுக்கு, இவர் போவது நாட்டுப்படகில் என்பதைச் சங்கப் புத்தகம் காட்டியது. அதேபோல, மருத்துவர் 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தால் வருமான இழப்பும் 30 சதவீதம்தான் என்று கொள்ளக்கூடாது; அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் வழக்கில் விளக்கியிருக்கிறது. அலையில் ஆடும் வள்ளத்தில் நின்று வலை இழுக்கிறவருக்கு முழங்கால் என்பது என்ன என்று கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தீர்ப்பாயத்தில் விளக்க வேண்டியிருக்கிறது.

இனி அந்தச் சைக்கிள். மோதிய வேனை மோட்டார் வாகன ஆய்வாளர் சோதித்து அறிக்கை கொடுப்பார். சைக்கிளைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. வீட்டார் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவார்கள், அல்லது நிமிர்த்தி ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். இந்த மீனவரின் மனைவி, ராசியில்லாத வண்டி என்று யாரும் தொடாதபடி கொட்டகையில் சாத்தி வைத்திருந்தார். முன்சக்கரம் வட்டம் குலையாமல் இருந்தது; பின்சக்கரம் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. திடீரென்று பாய்ந்து வந்து வேனில் விழுந்தவரின் சைக்கிளில் முன்பக்கம் நொறுங்கியிருக்கும். பின்சக்கரம் மடங்கியதென்றால் அவர் சாலையை ஏறக்குறையக் கடந்துவிட்டார், ஓட்டுநருக்குப் பார்க்க நேரம் இருந்தது என்று பொருள். அதன் புகைப்படங்களோடு, 108 ஆம்புலன்ஸ் அழைப்புப் பதிவில் ‘வேன் - சைக்கிள்’ என்று இருந்ததும் சேர்ந்து, மருத்துவமனைப் பதிவேட்டின் அந்த ஒரு வரியை எதிர்கொள்ள உதவின. நிற்காமல் பெரிய சாலையில் ஏறியதற்காக அவர்மீது 20 சதவீதத் தவறைத் தீர்ப்பாயம் வைத்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாமா என்று அவர் கேட்டார். அன்று அவர் நின்று பார்த்துவிட்டு ஏறவில்லை என்பதை முதல் சந்திப்பிலேயே என்னிடம் ஒப்புக்கொண்டிருந்ததால், வேண்டாம் என்றேன்.