கேயாஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

அகராதியில் 'கேயாஸ்' என்றால் குழப்பம். பேருந்து நிலைய நெரிசலுக்கு அது சரி, இயற்பியலுக்கு ஒத்துவராது. விதி கறாராக இருந்தும் ஒரே வரிசை திரும்பி வராத இயக்கத்துக்குத்தான் அங்கே கேயாஸ் என்று பெயர்.

மூலம் கிரேக்கம். ஆதியில் வாய் பிளந்து கிடந்த வெறும்வெளி என்று பொருள். குழப்பம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர் வான் ஹெல்மான்ட் இந்தச் சொல்லை வைத்துத்தான் 'கேஸ்' என்று பெயர் சூட்டினார். ஆக, அடுப்படி கேஸ் சிலிண்டர் கேயாஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி! கணிதத்தில் இந்தப் பெயரை நிலைக்கவைத்தது 1975இல் கணிதவியலாளர்கள் லீ, யார்க் இருவரும் எழுதிய கட்டுரை.

அதே ஆண்டு ஜெர்மனியின் இயற்பியலாளர் ஹெர்மன் ஹாக்கன், லேசரின் சமன்பாடுகளும் 1963இல் வானிலை ஆய்வாளர் லோரென்ஸ் எழுதிய, கேயாஸுக்குப் பேர்போன மூன்று சமன்பாடுகளும் உருவத்தில் ஒன்றே என்று காட்டினார். ஆனால் கார்பன் டை ஆக்சைடு லேசர் தானாகக் கேயாஸுக்குள் போகாது. கேயாஸுக்குக் குறைந்தது மூன்று மாறிகள் (நேரத்தோடு மாறும் அளவுகள்) வேண்டும்; இதில் கணக்கில் வருபவை ஒளிப்புலமும், மேல்மட்டத்துக்கு ஏறி நிற்கும் மூலக்கூறுகளின் உபரியும்தான். 1982இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் இயற்பியலாளர் அரெக்கியின் குழுவினர் லேசருக்குள் ஒரு படிகத்தை வைத்து, ஒளியிழப்பைச் சீராக ஏற்றி இறக்கினார்கள். மூன்றாவது மாறி கிடைத்துவிட்டது. வெளிவரும் ஒளி கூடிக் குறைகிறது; முதலில் அதன் முகடுகள் எல்லாம் ஒரே உயரம். ஏற்றி இறக்கும் வேகத்தை மாற்றினால் நெட்டை, குட்டை, நெட்டை, குட்டை. அப்புறம் நான்கு முகடுக்கு ஒருமுறைதான் அதே வரிசை திரும்பும். கடைசியில் எந்த வரிசையும் திரும்பி வருவதில்லை.

1980களில் ஜூரிக் பல்கலைக்கழகத்தில் இதையே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் (காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் ரேடியோ அலைக்கு இசைந்து அதிர்வது) பார்த்தார்கள். மாணிக்கக் கல்லில் உள்ள அலுமினிய அணுக்கருக்கள்தான் அங்கே லேசர் ஊடகம். வெளிவருவது ஒளி அல்ல, ரேடியோ அலை.

இதில் எங்கும் பகடை உருளவில்லை. சமன்பாடு ஒன்றே, விதி கறார். தொடக்கத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் அது வளர்ந்து ஆளையே மாற்றிவிடும், அவ்வளவுதான். அதனால்தான் 'குழப்பம்' தவறு. பலரும் எழுதும் 'ஒழுங்கின்மை' பரவாயில்லை, ஆனால் படிகத்தில் அணுக்கள் தாறுமாறாகக் கிடப்பதையும் அப்படியே சொல்கிறோமே! என் பழக்கம்: முதல்முறை 'விதிவழி ஒழுங்கின்மை' என்று எழுதிவிட்டு, பிறகு கேயாஸ் என்றே விட்டுவிடுவது.

கூடவே வரும் 'நேரிலா இயக்கவியல்' (nonlinear dynamics) என்ற பெயரில் எனக்குச் சண்டை இல்லை. கொடுக்கும் ஆற்றலை இரட்டித்தால் ஒளியும் இரட்டிக்கும் என்று லேசரிடம் எதிர்பார்க்க முடியாது. ஒரு வரம்புக்குக் கீழே அது லேசராகவே இருப்பதில்லை.