சைனா சின்ன கார்: பேட்டரி முள் ஏன் தப்புக் கணக்கு காட்டுகிறது?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, சைனா கம்பெனி சின்ன கரண்ட் கார் விலை கம்மியா இருக்கே, வாங்கலாமா? நம்மூர் வெயிலுக்கு பேட்டரி வெடிச்சிராதா?”

வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்து, ஓட்டமும் ஜங்ஷன், பேட்டை, கே.டி.சி. நகர் என்று ஊருக்குள்ளேயே என்றால் தாராளமாக வாங்கலாம். வாரம் இரண்டு முறை மதுரைக்குப் போகிறவருக்கு இது ஒத்துவராது.

வெடிக்கும் என்ற பயம் பெரும்பாலும் வாட்ஸ்அப் வதந்தி. சீனாவின் மலிவு விலைச் சிறு கார்களில் பெரும்பாலும் இருப்பது இரும்பு-பாஸ்பேட் (LFP) செல். இதில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுகப் பிடித்திருக்கிறது. நிக்கல்-கோபால்ட் செல் மிகவும் சூடானால் ஆக்சிஜனை வெளியே விட்டுத் தீயை வளர்க்கும். இரும்பு-பாஸ்பேட் செல் எளிதில் விடாது. தீயே பிடிக்காது என்று சொல்லவில்லை, உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியதுதான். ஆபத்து குறைவு.

இந்தச் செல்லின் அழகு வேறொன்றில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் இரும்பு-பாஸ்பேட்டை விட்டு வெளியேறுகிறது. அப்போது துகள்களில் லித்தியம் நிறைந்த கட்டம், லித்தியம் இல்லாத கட்டம் என இரண்டு கட்டங்கள் சேர்ந்தே இருக்கின்றன. உருகும் ஐஸ் கட்டி முழுதும் தண்ணீராகும்வரை 0 டிகிரியிலேயே நிற்பதுபோல, இரண்டு கட்டமும் இருக்கும்வரை வோல்ட்டேஜ் அதிகம் அசைவதில்லை. 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏறினாலும் செல்லின் வோல்ட்டேஜ் 3.2, 3.3 என்ற அளவில் ஏறத்தாழ 0.1 வோல்ட்தான் மாறும். நிக்கல் செல்லில் இதே இடைவெளிக்குச் சுமார் 0.4 வோல்ட் ஏறும்.

ஆகவே வோல்ட்டேஜைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று வண்டியால் சொல்ல முடியாது. உள்ளே போன, வெளியே வந்த கரண்ட்டைக் கூட்டிக் கழித்துத்தான் கணக்கு வைக்கிறது. சென்சாரின் சிறு பிழை நாளுக்கு நாள் சேரும்; 25 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடலாம். சார்ஜ் ஏறி 100-ஐ நெருங்கும் கடைசிச் சில சதவீதத்தில் மட்டும் வோல்ட்டேஜ் 3.65 நோக்கிச் சரேலென ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் வண்டி கணக்கை நேர்செய்கிறது, செல்களையும் சமப்படுத்துகிறது. ஆகவே வாரம் ஒருமுறை மெதுசார்ஜில் 100 வரை, தானாக நிற்கும்வரை ஏற்றுங்கள். அதை இரவில் செய்து காலையில் ஓட்டிவிடுங்கள். முழுச் சார்ஜோடு சித்திரை வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தினால் செல் சீக்கிரம் மூப்படையும். வாரம் ஒருமுறை 100 என்ற விதி இரும்பு-பாஸ்பேட்டுக்கு மட்டுமே. உங்கள் வண்டியில் எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள்.

காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. அதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கியிருந்தால் செல்லுக்காகச் சீனாவை இவ்வளவு அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்காது என்பது என் உறுதியான கருத்து.

பழைய வண்டி வாங்கினால் பாதிச் சார்ஜில் செல் வோல்ட்டேஜ்களை ஸ்கேனரில் படிக்கச் சொல்லுங்கள். உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். நிக்கல் செல்லில் அது இவ்வளவு பெரிதல்ல; இந்தத் தட்டையான இடத்தில் பெரிய கோளாறு.

திசையன்விளை, உடன்குடித் தேரி மண் (செம்மணல்) பக்கம் எர்த் சரியாக அமையாது. சார்ஜர் கரண்ட் எடுக்கவே மறுக்கும். 16 ஆம்ப் பிளக் போடும்போதே ஆழமான எர்த் குழியும் வெட்டுங்கள்.

ஆடியில் ஆரல்வாய்மொழி வழியே நாகர்கோவில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: மணிக்கு 80 கிலோமீட்டரில் போகையில் எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகம் என்றால் வண்டிக்கு அது 110. காற்றின் தடை ஏறத்தாழ இரட்டிப்பாகும். வேகத்தை 60-க்கு இறக்கினால் அந்தத் தடையில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.