உருண்டைப் பாறையும் கோட்டைச் சுவரும்

காட்பாடியிலிருந்து வேலூருக்கு வரும்போது மலைகளைப் பாருங்கள். யாரோ தூக்கி அடுக்கியதுபோல உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். வெள்ளம் உருட்டி வந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மலை உச்சிக்கு எந்த வெள்ளம் ஏறும்? அவை இருந்த இடத்திலேயே, பெரும்பாலும் மண்ணுக்கடியில், உருண்டையானவை.

இந்த வட்டாரத்து அடிப்பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது. பல கிலோமீட்டர் ஆழத்தில் இறுகியது. மேலே இருந்த சுமை கரையக் கரைய, அமுக்கம் தளர்ந்து பாறையில் விரிசல் விட்டது. குறுக்கும் நெடுக்குமாக ஓடிய விரிசல்கள் அதைக் கட்டி கட்டியாகப் பிரித்தன. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர், லேசான அமிலமாக அந்த விரிசல்களில் இறங்கும். இந்தப் பாறையான கிரானைட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம். அது அமில நீரில் ஊறி மெல்லக் களிமண்ணாகிவிடும். கட்டியின் பக்கத்தை நீர் ஒரு திசையில்தான் தாக்கும். விளிம்பை இரண்டு திசைகளில், மூலையை மூன்று திசைகளில். ஆகவே மூலைதான் முதலில் மழுங்கும். சுற்றி மக்கிக் கிடந்த மண்ணை மழை அடித்துப்போனதும் உருண்டைகள் வெளியே வந்தன. மக்கச் செய்வது சிதைவு, அடித்துப்போவது அரிப்பு.

அப்படி வெளியே நின்ற ஒற்றைப் பாறையைத்தான் ராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் கோயிலாகக் குடைந்தான். அந்தத் தேர்வை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

கிரானைட்டில் உள்ள இன்னொரு கனிமமான குவார்ட்ஸ் மட்டும் அந்த அமிலத்துக்கு மசியாது. மணிமணியாக உதிர்ந்து, ஓடை வழியே பாலாற்று மணலாகிறது. களிமண் ஏரியில் படிந்து செங்கல்லாகிறது.

மக்காத கல்லைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்; மக்கியது மொத்தென்று அடங்கும். நல்ல கல்லில் வரிசையாகக் குழி போட்டு, இரும்பு ஆப்பு இறக்கி, மாற்றி மாற்றி அடித்தால் நேர்கோட்டில் பிளக்கும். காரணம், கிரானைட் அமுக்கத்தைத் தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இழுப்பைத் தாங்காது. ஆப்பு செய்வது இழுப்பு வேலை.

16ஆம் நூற்றாண்டு வேலூர்க் கோட்டைச் சுவரில் கல்மேல் கல் அமுங்கி நிற்கிறது, அவ்வளவுதான். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்தில் சங்கதி வேறு. கல் உத்தரத்தின்மேல் பாரம் ஏறினால் அதன் அடிப்புறம் இழுபடும். நீளம் கூடினால் முறியும். அதனால்தான் அங்கே தூண்கள் அத்தனை நெருக்கமாக நிற்கின்றன.