ஆற்றோரம் மனை வாங்குகிறீர்களா? பட்டாவோடு நிறுத்திவிடாதீர்கள்

கொள்ளிடக் கரையில் முப்பது சென்ட், பத்துப் பன்னிரண்டு தென்னை, கிணற்றில் எட்டடியில் தண்ணீர், விலையோ ஊருக்குள் இருக்கும் மனையில் பாதி. இப்படி ஒருவர் வந்து சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? போன சித்திரையில் என் மாமா அப்படித்தான் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். பட்டா நகல், முப்பது வருட வில்லங்கச் சான்று இரண்டையும் தரகர் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிலத்தில் இறங்கி நின்று திரும்பிப் பார்த்தால், வெள்ளக்கரை எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதாவது நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஆற்றுக்குள்.

இந்த மாதிரி நிலத்துக்குக் காவிரிப் பக்கத்தில் படுகை என்று பெயர். நீரோட்டத்துக்கும் வெள்ளக்கரைக்கும் நடுவே கிடக்கும் வண்டல் மண். வாழைக்கும் கரும்புக்கும் அருமையான நிலம். இதில் ஒரு பகுதி அரசுப் புறம்போக்கு, இன்னொரு பகுதி தலைமுறை தலைமுறையாகப் பட்டாவில் இருப்பது. பட்டாப் படுகையை வாங்கலாம், விற்கலாம், பத்திரமும் பதியலாம். ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். வருவாய்த் துறைக் கணக்கில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் பட்டா சொல்லும். அங்கே வீடு கட்டலாமா, வெள்ளம் ஏறுமா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை.

சட்டம் பழையது, ஆனால் தெளிவானது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆறு, ஓடை, ஏரி, வாய்க்கால் இவற்றின் அடிநிலம் அரசுக்குச் சொந்தம். தனியாருக்கு உரிமை இருப்பது நிரூபணமானால் மட்டும் விதிவிலக்கு. அதற்கும் முந்தையது 1884ஆம் ஆண்டின் ஆறுகள் பாதுகாப்புச் சட்டம். அறிவிக்கை செய்யப்பட்ட ஆறுகளில் ஆற்றின் எல்லையை வரையறுத்து, அதற்குள் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை இது அரசுக்குத் தருகிறது. ஏரிகளுக்கு 2007இல் தனியாக ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமே வந்துவிட்டது.

சரி, காகிதத்தில் எதைப் பார்ப்பது? முதலில் அ-பதிவேடு, அதாவது கிராமத்தின் நிலக் கணக்குப் புத்தகம். சர்வே எண்ணுக்கு நேராக ரயத்துவாரி (தனியார் பட்டா நிலம்) என்று இருக்கிறதா, புறம்போக்கு என்று இருக்கிறதா, நன்செய்யா புன்செய்யா என்பது அதில் வரும். இ-சேவை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். இன்றைய பதிவேட்டோடு நிறுத்தாமல், 1980களில் நிலக் கணக்குகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். பழைய கணக்கில் ஓடை என்று இருந்த எண், புதிய கணக்கில் யாரோ ஒருவர் பெயரில் பட்டாவாகியிருந்தால், பின்னால் நீதிமன்றத்தில் பேசப்போவது அந்தப் பழைய தாள்தான்.

அடுத்தது புலப்படம், அதாவது சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் அளவு வரைபடம். பத்திரத்தில் எழுதியிருக்கும் நான்கெல்லையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்க்க வேண்டும். மாமாவுக்குக் காட்டிய பத்திரத்தில் ‘கொள்ளிடம் ஆற்றுக்குத் தெற்கு’ என்று கம்பீரமாக எழுதியிருந்தது. படத்திலோ ஆற்றுக்கும் மனைக்கும் நடுவில் தனி எண்ணில் ஒரு புறம்போக்குத் துண்டு. நேரில் போனால் வேலிக்கம்பி அந்தத் துண்டையும் சேர்த்து வளைத்திருந்தது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது சுமார் 2.47 சென்ட். வேலிக்குள் முப்பது, பட்டாவைப் பெருக்கிப் பார்த்தால் இருபத்திரண்டு. மிச்ச எட்டு சென்ட் அரசாங்கத்துடையது, தென்னை மரங்களில் பாதியோடு. எதிர்மாறாகவும் நடக்கும்: பட்டாவில் இருக்கும் நிலத்தில் கொஞ்சத்தை ஆறு அரித்துக்கொண்டு போயிருக்கும், விலை மட்டும் முழு அளவுக்குக் கேட்பார்கள். நில அளவரை வைத்து எல்லை அளக்க விற்பவரை மனுப் போடச் சொல்லுங்கள். கட்டணம் சொற்பம். தயங்குகிறார் என்றால் அதுவே ஒரு பதில்.

பட்டாவே இல்லாத நிலத்துக்கும் ஒரு வியாபாரம் நடக்கிறது. ‘பி மெமோ இருக்கு, வீட்டு வரி ரசீது இருக்கு, கரண்ட் இருக்கு, இன்னும் ரெண்டு வருஷத்துல பட்டா ஆயிடும்’ என்பார்கள். பி மெமோ என்பது ஆக்கிரமிப்பாளருக்கு அரசு கொடுக்கும் அறிவிப்பு. உரிமைப் பத்திரம் அல்ல. வரி ரசீதும் மின் இணைப்பும் உரிமைக்குச் சான்று ஆகாது. புறம்போக்கில் ஆட்சேபணையற்றது, ஆட்சேபணைக்குரியது என்று இரண்டு வகை உண்டு. அரசு அவ்வப்போது வரன்முறைப்படுத்திப் பட்டா கொடுப்பதெல்லாம் முதல் வகைக்கு. நீர்நிலைப் புறம்போக்கு இரண்டாவது வகை. எத்தனை வருடம் குடியிருந்தாலும் அது மாறாது.

பிரித்துப் போட்ட மனை என்றால் இன்னொரு கண்ணி. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் புதிதாக மனை விற்றால் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி சார்பதிவாளர் மறுக்க வேண்டும். 20.10.2016க்கு முன்பு பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. ஆனால் நீர்நிலைக்குள் விழும் மனைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. நன்செய் நிலம் என்றால், நகரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தாலும் விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு மாற்ற 2017ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளின்படி தனி அனுமதி வாங்க வேண்டும்.

பாதையை யாரும் யோசிப்பதில்லை. ஆற்றோர மனைக்குப் பெரும்பாலும் கரைமேல்தான் போய்வர வேண்டியிருக்கும். அந்தக் கரை நீர்வளத் துறையுடையது, முன்பு பொதுப்பணித் துறையோடு இருந்து 2021இல் தனியாகப் பிரிந்த துறை. மாட்டுவண்டி காலங்காலமாகப் போகிறது என்பது வேறு, கட்டட அனுமதிக்குப் பொதுப்பாதை காட்டுவது வேறு. பத்திரத்தில் நடைபாதை, வண்டிப்பாதை உரிமை எழுதியிருக்கிறதா, எந்த சர்வே எண் வழியாக என்று பாருங்கள்.

நீர்நிலையை ஒட்டிய இடத்துக்கு அனுமதி கேட்டால், வெள்ளத்தில் மூழ்கும் அபாயம் குறித்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். அதிகபட்ச வெள்ள மட்டம் என்ன, மனையை எவ்வளவு உயரத்துக்கு நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சான்றில்தான் வரும். ஐந்தடி மண் அடிக்க ஆகும் செலவைச் சேர்த்தால் ‘பாதி விலை’ முழு விலையாகிவிடும். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் அதில் விவரம் சரி என்று கையெழுத்துப் போடுவது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது.

கடலுக்குப் பக்கத்தில், அதாவது பழையாறு, புன்னைக்காயல், சென்னையில் அடையாறு, கூவம் முகத்துவாரம் மாதிரி இடங்களில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்துகொள்ளும். கடல் ஏற்றம் எட்டும் தூரம் வரை ஆற்றங்கரைக்கும் அது பொருந்தும். கோடையில் தண்ணீரின் உப்பு ஆயிரத்துக்கு ஐந்து பங்கு இருக்கும் இடம்தான் அதன் எல்லை. 2011 அறிவிக்கையில் இந்தக் கட்டுப்பாடு கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அதுவரை. 2019 அறிவிக்கையில் அந்த 100, 50 ஆனது. உங்கள் சர்வே எண்ணுக்கு எது நடைமுறையில் இருக்கிறது என்பதை மாவட்ட சுற்றுச்சூழல் அலுவலகத்தில் வரைபடத்தை வைத்துக் கேளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஆறு என்ன சொல்கிறது என்று ஒன்று இருக்கிறதே. கொள்ளிடம் காவிரியின் வெள்ள வடிகால். கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் மிஞ்சும் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பும். பல வருடம் மணலாகக் கிடக்கும், அதைப் பார்த்துத்தான் தைரியம் வருகிறது. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தபோது முக்கொம்பு கொள்ளிடம் அணையில் ஒன்பது மதகுகளையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தபோது தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. அதற்கு முந்தைய டிசம்பரில் தாமிரபரணி. அணை உள்ள ஆறுகளில் இதுதான் தொல்லை: உங்கள் ஊரில் ஒரு தூறல்கூட இல்லாதபோதும் தண்ணீர் வரும்.

அதனால் சித்திரையில் காட்டிய நிலத்தை ஐப்பசியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பக்கத்துக் கோயில் சுவர், மோட்டார் கொட்டகை, பாலத்தின் தூண் இவற்றில் பழைய வெள்ளத்தின் கறை கோடாக நிற்கும். மாடு மேய்ப்பவரிடம் ‘தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு’ என்று கேளுங்கள். முழங்கால், இடுப்பு என்று உடம்பிலேயே தொட்டுக் காட்டுவார். எட்டடியில் தண்ணீர் என்பதும் முழுக்க நல்ல செய்தி இல்லை. மழைக்காலத்தில் அது இரண்டடிக்கு வரும், கழிவுநீர்த் தொட்டி உறிஞ்சாது, கிணறும் கெடும். அஸ்திவாரம் போடுமுன் மண் பரிசோதனை கட்டாயம். ஆற்று வண்டலுக்கு அடியில் களிமண் இருந்தால் செலவே வேறு. வீட்டுக் காப்பீடும் எடுங்கள். எல்லா நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளச் சேதம் அடக்கம். கட்டடத்துக்குத்தான் காப்பீடு, மண்ணுக்கு இல்லை.

கடைசியாக ஒப்பந்தம். முன்பணம் கொடுக்கும்போது, நீர்வளத் துறைச் சான்றும் கட்டட அனுமதியும் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மாமாவும் கேட்டார். ‘இந்தப் பக்கம் யாரும் அப்படியெல்லாம் எழுதறதில்லைங்க’ என்றார் தரகர். டோக்கனாகக் கொடுத்த ஐயாயிரம் போனது. மாமா இப்போது வெள்ளக்கரைக்கு இந்தப் பக்கம், ஊருக்குள் ஏழு சென்ட் பார்த்துவைத்திருக்கிறார். தென்னை இரண்டுதான்.