மீட்டல்: இயேசு சபையாரின் ‘ரெபெதித்சியோ’வுக்கு ஒரு தமிழ்ச்சொல்

தேர்வுக் காலத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்குப் போகும் காலை பஸ்ஸில் கல்லூரி மாணவர்கள் மடியில் நோட்டை விரித்து, கோடிட்ட வரிகளையே மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டு வருவார்கள். கேட்டால் ‘ரிவிஷன்’ என்பார்கள். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு ‘மீண்டும் பார்’ என்று பொருள். நம் பள்ளிகள் அதைத் ‘திருப்புதல்’ ஆக்கின. இரண்டும் கண்ணோடு நின்றுவிடுகின்றன.

ஜெசூட்டுகள் எனப்படும் கத்தோலிக்கத் துறவியரான இயேசு சபையார் தங்கள் கல்லூரிகளுக்காக 1599-இல் வகுத்த ‘ராசியோ ஸ்டுடியோரும்’ என்னும் கல்வி நெறியில் இருக்கும் லத்தீன் சொல் வேறு: ‘ரெபெதித்சியோ’. ‘ரெ’ என்றால் மீண்டும். ‘பெதெரே’ என்றால் நாடிச் செல்லுதல், கேட்டல். பறிபோன உடைமையைத் திரும்பக் கேட்பதற்கும் ரோமானியர் இந்த வினையைத்தான் ஆண்டார்கள். வகுப்பிலும் அதே வேலைதான். மாணவன் பாடத்தைத் தன் நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். பத்துப் பேருக்கு ஒருவனாக நியமித்த மாணவத் தலைவன் அதைக் கேட்பான். சனிக்கிழமை, அந்த வாரப் பாடம் முழுவதும் மறுபடி வரும்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு சொன்னார்கள். வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழானது: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. பஸ்ஸில் கிடைக்கும் அந்த ஐந்து நிமிட நிறைவை நம்பித்தான் எத்தனையோ நல்ல பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். இத்தனைக்கும் ‘கேட்டவை நினைத்தல்’ என்று மாணவனின் கடமையாக நன்னூல் அன்றே சொல்லிவைத்திருக்கிறது.

‘மீள்பார்வை’ என்றால் மறுபடியும் கண்ணிடமே போகிறோம். ‘திரும்பச் சொல்லல்’ கிளிக்கும் பொருந்தும். ‘மீட்டல்’ என்பதே சரியான சொல் என்பேன். அடகு நகையை மீட்கிறோம். இந்த மண்ணின் நடுகற்களிலோ ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று வெட்டியிருக்கிறார்கள். தொறு என்பது ஆநிரை. பகைவர் ஓட்டிச் சென்ற மாடுகளைப் பின்தொடர்ந்து போய்த் திருப்பிக் கொண்டுவந்து உயிர்விட்டவனின் கல் அது. மறதி ஓட்டிச் சென்ற பாடத்துக்கும் அப்படிப் பின்தொடர்ந்து போகத்தான் வேண்டியிருக்கிறது. இலங்கைத் தமிழர் பாடத்துக்கு ‘மீட்டல்’ என்ற சொல்லை முன்பே பழக்கிவிட்டார்கள்.

எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும். இது ‘மீள்’ என்பதன் பிறவினை. ஆகவே ‘பாடத்தை மீட்டான்’ என்றே வரும். ‘மீட்டினான்’ என்றால் அது வீணை.