தொகுபயன் விசை: சொல் விளக்கம்

ஒரு புள்ளியில் பல விசைகள் செயல்படும்போது, அவை அனைத்தும் சேர்ந்து உண்டாக்கும் விளைவைத் தனியே உண்டாக்கவல்ல ஒற்றை விசை தொகுபயன் விசை எனப்படும். இது தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு. இலங்கையில் இதனை ‘விளையுள்’ என்பர். ஆங்கில வழியில் பயின்றோர் ‘ரிசல்டன்ட்’ என்பர்.

ரிசல்டன்டின் வேர் ‘ரெசுல்டாரே’ என்னும் லத்தீன் வினை. துள்ளித் திரும்புதல் என்பதே அதன் முதற்பொருள். விளைவு என்ற பொருள் பின்னர் கிளைத்தது. விளையுளோ வயலிலிருந்து வந்த சொல்; நாட்டுக்கு இலக்கணம் கூறும் 731ஆம் குறளில் ‘தள்ளா விளையுள்’ என்பது குறையாத விளைச்சலைக் குறிக்கிறது.

விசையைப் போல அளவோடு திசையும் கொண்ட கணியம் ‘வெக்டர்’ எனப்படும். லத்தீனில் அச்சொல்லுக்குச் சுமப்பவர் என்று பொருள். (நோய்க்கிருமியைச் சுமந்து வரும் கொசுவையும் மருத்துவத்தில் அச்சொல்லாலேயே குறிக்கிறார்கள்.) 1840களில் அயர்லாந்துக் கணிதவியலாளர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் அதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தார். இலங்கைத் தமிழின் ‘காவி’ அந்த லத்தீன் பொருளை அப்படியே ஏற்றது; காவுதல் என்றால் தோளில் சுமத்தல். தமிழ்நாட்டின் ‘திசையன்’ வேரைக் கைவிட்டு இயல்பைப் பற்றிக்கொண்டது. கற்பவருக்குத் திசையை மறக்கவிடாத திசையனே என் தேர்வு.

தொகுபயனில் ஒரு வழுக்கல் உண்டு. ‘தொகு’ என்றதும் 3 நியூட்டன் (நியூட்டன் என்பது விசையின் அலகு) விசையையும் 4 நியூட்டன் விசையையும் கூட்டி 7 என்று எழுதத் தோன்றும். ஆனால் தொகுக்கப்படுவது பயனே, எண்கள் அல்ல. அவ்விரு விசைகளும் ஒரே திசையில் இருந்தால் 7, நேரெதிராக இருந்தால் 1, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் 5 நியூட்டன் கிடைக்கும். 1687இல் அறிவியலாளர் ஐசக் நியூட்டன் தம் இயக்க விதிகளை அடுத்துக் கூறிய இணைகர முறைப்படி, இரு விசைகளையும் அடுத்துள்ள பக்கங்களாகக் கொண்டு இணைகரம் வரைந்தால், அவை தொடங்கும் முனையிலிருந்து செல்லும் மூலைவிட்டம் தொகுபயனைத் தரும். அதன் எண்மதிப்பைக் காண, இரு விசைகளின் வர்க்கங்களோடு, அவற்றின் பெருக்கற்பலனின் இருமடங்கை இடைக்கோணத்தின் கொசைனால் பெருக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இடைக்கோணம் 60 பாகையானால் 9, 16, 12 ஆகியவற்றின் கூடுதல் 37. தொகுபயன் ஏறத்தாழ 6.08 நியூட்டன்.

இதைக் கண்ணால் காணவும் வழியுண்டு. சிறு வளையமொன்றில் மூன்று சுருள்வில் தராசுகளை மாட்டி, இரண்டை ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் 3, 4 நியூட்டன் காட்டும்படி இழுத்தால், வளையத்தை அசையாமல் நிறுத்தும் மூன்றாவது தராசு 5 நியூட்டன் காட்டும். எண்மதிப்பு தொகுபயனுடையதே என்றாலும் திசை நேரெதிரானது என்பதால், அம்மூன்றாம் விசைக்கு ‘எதிர்சமனி’ என்று தனிப்பெயர் உண்டு.