சிகிச்சை நடுவே பொங்கலுக்கு ஊருக்கு வரும் பிள்ளை

மார்கழி பாதி தாண்டியதும் காரைக்குடியில் என் கிளினிக்குக்கு ஒரே மாதிரியான போன் வரத் தொடங்கிவிடும். "டாக்டர், பிள்ளைக்குக் கீமோ ஓடிக்கிட்டிருக்கு. பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிட்டு வரலாமா?" கேட்பவர் பெரும்பாலும் சென்னையிலோ வேலூரிலோ மதுரையிலோ ஆஸ்பத்திரிப் பக்கத்தில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருக்கும் அப்பா. சில நேரம் கோட்டையூரிலோ தேவகோட்டையிலோ பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் அப்பத்தாவே பேசுவார்கள்.

குழந்தைகள் மருத்துவராக நான் சொல்வது இதுதான்: சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவர் சரி என்று சொல்லி, ரத்த எண்ணிக்கையும் இடம் கொடுத்தால், தாராளமாக வாருங்கள். விட வேண்டியது கூட்டத்தை மட்டும்தான். பண்டிகையை விட வேண்டாம்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயில் அதிகம் பார்ப்பது ரத்தப் புற்றுநோய், அதிலும் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா. அதற்கான சிகிச்சை 2 முதல் 3 வருடம் வரை நீளும். நாலு வயதில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளை இரண்டு மூன்று பொங்கலைச் சிகிச்சைக்குள்ளேயே கழிக்கும். "எல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போனால், அந்த வயதில் மனதில் நிற்க வேண்டிய பண்டிகை எதுவுமே அதற்குக் கிடைக்காமல் போய்விடும்.

முதலில் ரத்த எண்ணிக்கை. பல கீமோ மருந்துகளுக்கு, கொடுத்த 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் இறங்கிவிடும். அதில் நியூட்ரோஃபில் என்ற வகைதான் கிருமியோடு முதலில் மல்லுக்கட்டுவது. அது 500-க்குக் கீழே இருக்கும்போது பயணமே வேண்டாம். கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்னால் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யுங்கள், பழைய ரிப்போர்ட்டை வைத்து அல்ல.

அடுத்தது நம் ஊருக்கே உரிய விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செட்டிநாட்டில் பல பெரிய வீடுகள் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். பண்டிகைக்கு நாலு நாள் முன்னால்தான் திறப்போம். ஒட்டடை, புறா எச்சம், வௌவால் எச்சம், மழைக்கு ஊறிய சுவர், பல மாதம் காற்றே புகாத இரண்டாங்கட்டு அறைகள். இந்தத் தூசியில் பூஞ்சை வித்துகள் இருக்கும். உடம்பில் எதிர்ப்பு உள்ள நமக்கு இரண்டு தும்மலோடு போய்விடும். வெள்ளையணு இறங்கிய பிள்ளைக்கு அதே வித்து நுரையீரலில் வேர்விடலாம், அதைக் குணப்படுத்துவதும் சுலபமில்லை. சாதாரண மாஸ்க் இதை நம்பிக்கையாகத் தடுக்காது. ஆகவே ஒட்டடை அடிப்பது, வெள்ளையடிப்பது, பரணில் இருந்து பித்தளைப் பாத்திரங்களை இறக்குவது எல்லாம் பிள்ளை வருவதற்குப் பல நாள் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். பெருக்கினால் தூசி பறக்கும், அதனால் ஈரத்துணியால் துடையுங்கள். முடிந்தால் பிள்ளையைப் பெரிய வீட்டில் தங்கவைக்காமல், ஆள் புழங்கிக்கொண்டிருக்கும் பங்காளி வீட்டிலோ ஆயா (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டிலோ தங்கவையுங்கள். பொங்கல் வைக்கும் நேரத்துக்கு மட்டும் முற்றத்துக்குக் கூட்டி வந்தால் போதும். போகிப் புகை பக்கம் வேண்டாம்.

சாப்பாட்டில் பலரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். எண்ணெயில் இருந்து அப்போதே எடுத்த வெள்ளைப் பணியாரம், சீயம், கந்தரப்பம் எல்லாம் கொடுக்கலாம். சூடு ஆறுவதற்குள் சாப்பிடுவதுதான் முக்கியம். ஆபத்து வேகாததில்தான் இருக்கிறது: கோயில் தீர்த்தம், பஞ்சாமிர்தம், நறுக்கி வைத்த பழம், ரோட்டோரக் கரும்புச்சாறு, காலையில் அரைத்து மதியம் வரை வெளியில் இருந்த தேங்காய்ச் சட்னி. கரும்பைக் கடித்துத் தின்பதும் வேண்டாம். வாய்ப்புண் இருந்தாலோ, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ ஈறு கிழிந்து ரத்தம் நிற்காமல் வரலாம்.

ஸ்டீராய்டு மாத்திரை ஓடும் வாரங்களில் பிள்ளைக்கு அசுரப் பசி எடுக்கும், கூடவே கோபமும் அழுகையும் வரும். அடம் என்று நினைத்து அதட்டாதீர்கள். மருந்து செய்யும் வேலை அது. ஒரு வீட்டில் (அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன்) பையன் நடுராத்திரி எழுந்து பணியாரம் கேட்டு அழுவானாம். அவன் ஆயா தினமும் கொஞ்சம் மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வைத்திருந்து, அவன் எழுந்ததும் அடுப்பைப் பற்றவைத்து நாலே நாலு ஊற்றித் தருவார்கள். அவன் அடுப்படி வாசலில் சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்து, சட்டியில் பணியாரம் மேலே எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே அழுகையை நிறுத்திவிடுவான். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்தப் பிள்ளைக்கும் எழுதித் தர முடியாது.

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கே வந்துவிடும் குடும்பங்களும் உண்டு. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி இழை எடுத்தே தீருவேன் என்று நின்றாள். 21 இழையைத் திரித்து, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாவு பச்சை மாவு, அவள் வாய் முழுக்கப் புண். வீட்டார் ஒன்று செய்தார்கள். புது வேட்டியில் இருந்து நூல் பிரித்து எண்ணும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள். அவள் எண்ணித் தந்தால்தான் இழை. அவள் பங்கை ஐயா (தாத்தா) எடுத்துக்கொண்டார்கள், அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உனக்கு வேண்டாம், தள்ளி உக்காரு" என்று சொல்லியிருந்தால் அந்த நாள் அவளுக்கு எப்படி ஆகியிருக்கும்!

குன்றக்குடியிலும் பிள்ளையார்பட்டியிலும் கூட்டமில்லாத வேலை நாளின் மதிய நேரம் பார்த்துப் போகலாம். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல், சிராவயல் மஞ்சுவிரட்டு இரண்டும் இந்த வருடம் வேண்டாம்.

காய்ச்சலில் மட்டும் சமரசமே கிடையாது. வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும், அக்குளில் வைத்துப் பாருங்கள், ஆசனவாயில் வேண்டாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டுவிட்டாலோ, காய்ச்சலே இல்லாமல் பிள்ளை நடுங்கினாலோ துவண்டு போனாலோ அது அவசரம். பொங்கல் பொங்கி முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. டாக்டரிடம் பேசாமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், அது காய்ச்சலை மறைத்துவிடும். தெருமுனை கிளினிக்கில் இடுப்பு ஊசி போடவே கூடாது. தட்டணு குறைந்திருந்தால் ஊசி போட்ட இடத்தில் உள்ளே ரத்தம் கட்டும். சென்னைக்கு ஓட வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். பக்கத்தில் குழந்தைகள் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரியில், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி ஓரிடத்தில், மருந்தைத் தொடங்கிவிட்டு அப்புறம் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் பேசலாம். 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். பண்டிகை நாளில் வெளிநோயாளிப் பிரிவு மூடியிருந்தாலும் அவசரப் பிரிவு இருக்கும்.

அங்கே இருக்கும் டாக்டருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. நோயின் பெயர், கடைசிக் கீமோ கொடுத்த தேதி, கடைசி ரத்த எண்ணிக்கை, ஒவ்வாமை, மார்பில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி) இருக்கிறதா கையில் குழாய் இருக்கிறதா, சிகிச்சை தரும் இடத்தின் போன் நம்பர், இத்தனையும் ஒரே தாளில் எழுதி வாங்கி வாருங்கள். போட்டோ எடுத்து அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோர் போனிலும் வையுங்கள். காப்பீட்டுத் திட்ட அட்டையும் கையில் இருக்கட்டும்.

அம்மை பற்றி. நம் பக்கம் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வேப்பிலை கட்டிவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பது வழக்கம். பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கீமோவில் இருக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மை போட்ட பிள்ளையோடு ஒரே அறையில் விளையாடியது தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். கொப்புளம் வருவதற்கு முன்பே கொடுக்கும் பாதுகாப்பு மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுக்கக் கொடுக்கப் பலன் அதிகம். ஊருக்கு வருவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் எல்லோரிடமும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்: அம்மை, காய்ச்சல், சளி யாருக்காவது உண்டா? போலியோ சொட்டு மருந்து முகாம் வந்தாலும் சிகிச்சையில் உள்ள பிள்ளைக்கும், கூட இருக்கும் தம்பி தங்கைக்கும் சொட்டு வேண்டாம். பதிலாக ஊசி வழி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கிருமி போக, வாய்ச்சொல்லும் இருக்கிறது. "எந்தக் கோயிலுக்கு மொட்டை?" என்று கேட்பவருக்குத் தெரியாது. முடி கொட்டியது கீமோவால் என்று பிள்ளை முன்னாலேயே சாதாரணமாகச் சொல்லிவிடலாம், மறைத்தால்தான் அது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். தலையைத் தடவி அழும் உறவினரை மட்டும் நயமாக வெளியே கூட்டிப் போங்கள். மூன்று முதல் ஆறு வயதில், தான் செய்த குறும்புக்குத்தான் இந்தத் தண்டனை என்று பல பிள்ளைகள் தாமாகவே நினைத்துக்கொள்கின்றன. "நீ எதுவும் தப்புப் பண்ணல. இது உன்னால வரல. யாருக்கும் ஒட்டாது" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். கூடப் பிறந்த அக்காவுக்கோ அண்ணனுக்கோ ஒரு நாள் முழுக்க அம்மா கிடைக்கட்டும். அவர்களும் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள்தான்.

கடைசியாக, திரும்பிப் போகும் தேதி. ஊருக்கு வந்து பிள்ளை ஓடி விளையாடுவதைப் பார்த்ததும், "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மருந்து?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் கீழே. அதற்கு ஒரு காரணம் பாதியில் நின்றுபோகும் சிகிச்சை. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். இன்று நம் பிள்ளைகளுக்கு மருந்து இருக்கிறது, முடிக்க வேண்டியதுதான் பாக்கி. தினசரி மாத்திரையைப் பண்டிகை நாளிலும் அதே நேரத்துக்குக் கொடுங்கள். மருந்துக் கடை மூடியிருக்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முன்னாலேயே வாங்கி வையுங்கள். கீமோ தேதி பண்டிகை மேல் விழுந்தால் நகர்த்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நகர்த்தாதீர்கள். பொங்கல் முடிந்து சென்னைக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் இடம் கிடைப்பது கஷ்டம், கூட்டமும் ஆகாது. கார் ஏற்பாடு முடியுமென்றால் அதுவே நல்லது. இல்லையென்றால், ஊருக்கு வர டிக்கெட் போடும்போதே திரும்பிப் போகவும் போட்டுவிடுங்கள்.